திரும்பிப் பாரேன், ரே

அன்பு மகன் கீத்துக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர உன் அப்பாவும் சுகம், பெர்த் வெயிலில் கருகாமல் நீயும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் மகன் டேரன் கிடார் குழுவோடு போட்ட ஆல்பம் இந்த ஊரை என்ன பாடு படுத்துகிறது என்று போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் கெடுப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பத்துப் பாட்டும் நன்றாக இருக்கிறது, பாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, லண்டன் பத்திரிகையிலேயே மெட்டைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள், ஐந்தாவது வரை படித்த எனக்கு அதில் பாதி புரியவில்லை, ஆனாலும் வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை விஷயம் சுலபம். அந்த மூன்றாவது பாட்டில் மெட்டு மூன்று படி ஏறும், நாலாவது படிக்குக் கால் தூக்கும்போது, எதற்கு மாடிக்கு வந்தோம் என்று மறந்துபோன மாதிரி சறுக்கிக்கொண்டு கீழே வரும், கிடாரும் கூடவே இறங்கும். ஒரு தரம் கேட்டால் போதும், பல் விளக்கும்போதுகூட வாய் அதைத்தான் முனகும். கறிக்கடைக்காரர் அந்தத் தாளத்தில்தான் சாசேஜ் வெட்டுகிறார். போதகர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடிக்கும்போது ஆமென்னை அந்த மெட்டில் இழுத்துவிட்டு முகம் சிவந்துபோனார்.

அந்தப் பாட்டை அவன் தான் விரும்பும் பெண் கேனருக்காகக் கட்டினான். அவள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போனபோது, “திரும்பிப் பாரேன் கேனர், திரும்பிப் பாரேன்” என்று. அவளும் திரும்பிப் பார்த்தாள், ஜூனில் கல்யாணம் என்று பேசியாயிற்று. வினை எங்கே என்றால், அவள் அப்பா ரேதான் நம் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். நாற்பது தாண்டிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகும். நவம்பரில் ஒரு சனிக்கிழமை பந்து அவர் காலிடுக்கில் புகுந்து வலைக்குப் போய்விட்டது, அவரானால் முன்னால் தேடிக்கொண்டிருக்கிறார். நம் ஆட்களிலேயே எவனோ பேரை மட்டும் மாற்றி, “திரும்பிப் பாரேன் ரே, திரும்பிப் பாரேன்” என்று எடுத்துவிட்டான். மைதானமே பாடிற்று. நீங்களுமா என்று உன் அப்பாவைக் கேட்டேன், சம்பந்தம் செய்யப்போகிறவராயிற்றே. மெட்டு அப்படி, வாய் தானாகத் திறந்துகொண்டது என்கிறார்.

அதிலிருந்து கோலுக்குக் கோல் இந்தப் பாட்டுதான், கோலுக்கும் குறைவில்லை. ரே டேரனைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் பெண்ணின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வராமல் கல்யாணமே வேண்டாம் என்று கேனர் அழுகை. மெட்டை எப்படி வாபஸ் வாங்குவது, அது என்ன கடையில் வாங்கின சட்டையா? பிள்ளை பாவம், ஆட்ட இடைவேளையில் மைக்கைப் பிடித்து, யாரும் பாடாதீர்கள் என்று கெஞ்சினான். ஜனம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திரும்பிப் போயேன் டேரன்” என்று அதே மெட்டில் பதில் சொன்னது. சுருதி சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்லக்கூடாது. அப்புறம் ரேயைப் புகழ்ந்து ஒரு புதுப்பாட்டு கட்டி அச்சடித்து வாசலில் கொடுத்தான், அந்தத் தாளில் சிப்ஸ் வைத்துத் தின்றார்கள்.

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்ட்டி. பக்கத்தில் நின்ற கேனர் என் கையில் நகம் பதித்துவிட்டாள். எல்லாரும் பாடுவதற்கு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பையன் உதைத்தான், எந்தப் பக்கம் விழுவது என்று ரே யோசிப்பதற்குள் பந்து வந்து அவர் வயிற்றில் மோதிற்று, அப்படியே கட்டிக்கொண்டார். மைதானத்தில் சத்தமே இல்லை. பந்தைப் பிடித்தால் பாட நம்மிடம் பாட்டு ஏது, இத்தனை மாதம் தேவைப்படவில்லையே. ரே சற்று நேரம் காத்துப் பார்த்தார். உதைத்த பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். அவன் முதுகைப் பார்த்து ரே தானே ஆரம்பித்தார், “திரும்பிப் பாரேன் தம்பி, திரும்பிப் பாரேன்.” அந்தச் சறுக்குகிற இடம்கூடப் பிசகவில்லை. குளிக்கும்போது தினமும் அதைத்தான் பாடுகிறாராம், அவர் மனைவி என் காதில் சொன்னாள். ஜனம் மொத்தமும் கூடச் சேர்ந்துகொண்டது, அந்தப் பையனே திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

சாயங்காலம் ரே நம் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு டேரனிடம், “சர்ச்சுல என்ன பாட்டுடா வாசிக்கச் சொல்லியிருக்க?” என்றார். இவன், நீங்கள் சொல்கிற பாட்டையே வைத்துக்கொள்ளலாம் மாமா என்று திணறினான். “உன் பாட்டையே வாசிக்கச் சொல்லு. எம்பொண்ண நான் கூட்டிட்டு உள்ள வர்றப்ப எல்லாரும் திரும்பித்தானே பாக்கணும்” என்றார்.

ஆகவே மகனே, உடனே டிக்கெட் போடு, நல்ல கோட்டு கொண்டு வா, இங்கே ஜூனிலும் குளிரும். கர்த்தர் உன்னை வழியெல்லாம் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்கு உன் அப்பாவின் குரல், தேவாலயத்தில் வாயை மட்டும் அசை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஹில்டா