கொல்லைக் கதவு இருந்த இடம்

எதிர் வீட்டில் கறையான் மருந்து இறக்குகிறார்கள். அந்த வாடை நம் சமையலறை வரைக்கும் வந்ததும் உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் கொல்லைக் குளத்துக்கு ஓடி, ஊசித்தும்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்திருப்பீர்கள்.

நம் வீட்டுக்கும் கறையான் வந்துவிட்டது. தும்பி பார்க்கப் பின்சுவரை ஒட்டி ஒரு மாமரப் பெஞ்சு போட்டீர்களே, அதன் கால் வழியாகத்தான் வந்தது. பெஞ்சைக் கூடாக்கிவிட்டு, கொல்லைக் கதவின் நிலைக்கு மண்கோடு போட்டு ஏறிவிட்டது. விரலை வைத்தால் மரம் உள்ளே போகிறது.

ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலை வெயிலில் அங்கேதான் இருப்பீர்கள். தண்ணீருக்குள் கிடந்த பூச்சி புல்லில் ஏறி, தோலைப் பிளந்து தும்பியாக வரும்போது, "ஏட்டி, இங்க வாயேன்" என்று கூப்பிடுவீர்கள். முதல் மழைக்கு ஈசலாகப் பறக்கும் கறையான் சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் குடித்தனம் பண்ணப் போய்விடும், தும்பியோ கடைசிவரை சிறகை மடித்து முதுகிலேயே வைத்திருக்கும் என்று சொன்னதும் நீங்கள்தான். அப்படியானால் நான் கறையான், நீங்கள் தும்பி என்றேன். நாள் முழுக்கச் சிரித்தீர்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்தே மகன் மருந்துக்காரரை ஏற்பாடு செய்து அனுப்பினான். சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்க வேண்டுமாம். குளத்தில் ஊறாதா என்று கேட்டேன். மழை பெய்தால் ஊறும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். வீடு முக்கியமா பூச்சி முக்கியமா என்று மகன் போனில் கோபப்பட்டான். எனக்கும் கோபம் வந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து முடிவைச் சொன்னேன். வாசல் பக்கம் மருந்து போடலாம், கொல்லையில் ஒரு சொட்டு கூடாது.

"அப்போ இந்தக் கதவு போகும் கேட்டோ, சேச்சி" என்றார் மருந்துக்காரர், மலையாளம் கலந்த தமிழில்.

"போகட்டும். வேற கதவு வைக்கலாம்."

நிலையைப் பெயர்த்தாயிற்று. பெஞ்சையும் எரித்துவிட்டேன், அதற்காக நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. இனிக் கல் நிலைதான். சுவரில் மண்கோடு ஏறினால் தினமும் நானே துடைப்பத்தால் தட்டிவிடுவேன்.

கதவு போனதில் அடுப்படியிலிருந்தே குளம் தெரிகிறது. காலையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. புல் நுனியில் ஒன்று தோலைப் பிளந்து ஈரச் சிறகோடு வந்தது. அடுப்பை அணைத்தேன். "ஏங்க, இங்க வாங்களேன்" என்று இந்த முறை நான்தான் கூப்பிட்டேன்.