பூங்கா பெஞ்சில் ஒரு சொதிச் சண்டை

சம்பந்தி,

போன வாரம் என் தம்பி மகனுக்கு மறுவீட்டுச் சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோற்றைக் குவித்துச் சொதியை ஊற்றினார்கள். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது என் நெற்றியில் உருளைக்கிழங்குப் பொரியல் ஒட்டியிருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆள் இங்கே வந்துவிட்டேன், தூக்கம் இன்னும் அந்த ஊரிலேயே கிடந்தது. பரிமாறிக்கொண்டு வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயையோ, அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டு!" என்று போட்ட சத்தத்தில் பந்தியே எழுந்துவிட்டது. என் வீட்டுக்காரி மட்டும் எழவில்லை. எதிர் வரிசையில் இருந்தபடியே, "ஒண்ணும் ஆகல. தூங்குதாவ. நீங்க ரசத்தக் கொண்டாங்க" என்றாள். வீடியோக்காரர் நடந்ததை எல்லாம் எடுத்துவிட்டார். திசையன்விளையில் இருக்கிற என் அண்ணன் வீட்டு மைனி வரைக்கும் பார்த்துச் சிரித்தாகிவிட்டது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன். யாரோ ஒருவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நீர் அங்கே இருந்திருந்தால், தலை சாய்வதற்கு முன்னமே என் தொடையில் உம் முட்டி வந்து ஒரு இடி இடித்திருக்கும்.

நமக்குள் பேச்சு நின்றதே ஒரு சொதிச் சாப்பாட்டில்தான் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போடுவது நம் பக்கத்து மரியாதை. என் மகளை உம் மகனுக்குக் கொடுத்த மறுநாள், பந்தி மேல் பந்தியாக எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவான நீர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தீர். உம் இலைக்கு வந்தபோது சொதி காலி. எவனோ சாம்பாரை ஊற்றிவிட்டான். நீர் சாப்பிடாமலே எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனவர்தான். பேட்டையில் என் லேத் பட்டறைக்கும் டவுணில் உம் ஜவுளிக்கடைக்கும் நடுவில் ஒரே டவுண் பஸ். ஆனாலும் பிள்ளைகள் அமெரிக்கா போய், பேரன் பிறக்கிற வரைக்கும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

நம் வீட்டம்மாக்கள் இருவரும் பிரசவத்துக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டார்கள். பேர் வைக்கிற நாளுக்கு நம் இருவருக்கும் திருவனந்தபுரத்திலிருந்து பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் போட்டுவிட்டாள் என் மகள். கிளம்புகிற அன்று போனில் அவள் சொன்னது: "எப்பா, பேரு வைக்கிற அன்னைக்கு ரெண்டு தாத்தாவும் ஆளுக்கொரு மூலையில மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா நான் யாரப் பாத்துச் சிரிக்க? வழியில பேசி முடிச்சிட்டு வாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போனை வைக்கும்போது குரல் உடைந்தது. எனக்கு அது கேட்டது.

நாம் எங்கே பேசினோம்? பிளேன் ஏறியதும் நீர் அவர்கள் கொடுத்த போர்வையை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, "பத்துத் துவையல் தாங்காது" என்று முன் சீட்டைப் பார்த்துச் சொன்னீர். நான் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பேரிங் தேயுது" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு கடல் கடந்தும் வார்த்தை இல்லை. எனக்குப் பேச நேரமும் இல்லை என்று வைத்துக்கொள்ளும். முப்பது வருஷம் லேத் சத்தத்தில் கிடந்தவன் நான். அந்த இரைச்சல் எனக்குத் தாலாட்டு. மருமகன் வாங்கி அனுப்பிய கழுத்துத் தலையணையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, வடம் பூட்டிய மாடு மாதிரி அந்த ஊர் வரைக்கும் தூங்கினேன்.

அங்கே போய் இறங்கியதும்தான் வினை. ராத்திரி அந்த வீட்டில் ஒரு சத்தம் கிடையாது, எனக்குத் தூக்கம் கிடையாது. பகலில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே கண் சொருகும். உமக்கும் அதே கதை. கையில் இருந்த பேரனை உம் வீட்டம்மா பிடுங்கிக்கொண்டது நினைவிருக்கிறதா? "தூங்கி விழுத ஆளுக்குப் பிள்ள எதுக்கு?" என்று கேட்டார்கள்.

மகள் ஒரு சட்டம் போட்டாள். "பகல்ல தூங்கப்படாது. வெயில்ல இருக்கணும். அப்பத்தான் உடம்பு இந்த ஊரு நேரத்துக்குத் திரும்பும்." வத்தல் காயப்போடுவது போல நம் இருவரையும் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். "ஒருத்தர ஒருத்தர் தூங்கவிடாமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயும் விட்டாள். பேசாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எப்படி எழுப்புவது? முதலில் இருமினோம். அது பலிக்கவில்லை. என் தலை உம் தோளில் சாய்ந்தபோது முட்டியால் தொடையில் இடித்தீர். உம் தலை தொங்கியபோது நான் குடையைக் கீழே போட்டேன். குளத்து வாத்துகள்தான் பயந்து ஓடின, நீர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்.

"அன்னைக்கு சொதி ஏன் காலியாச்சு?"

எனக்கு இருந்த தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஒரு பஸ்ஸுல வாரோம்னு சொல்லிட்டு ரெண்டு பஸ்ஸுல வந்து எறங்குனா, சொதி என்ன தாமிரவருணியிலயா வே ஓடுது?"

"ரெண்டாவது பஸ்ஸுல வந்தது எங்க அக்கா வீட்டு ஆளுக. அவுகள ரோட்டுல விட்டுட்டா வரச் சொல்லுதீரு?"

"வரட்டும். முன்னமே ஒரு வார்த்தை சொல்லணும்லா?"

"சொன்னேன். உம்ம பட்டறைச் சத்தத்துல உமக்கு எது கேக்கு?"

"சரி, கேக்கல. நீரு முதப் பந்தியில உக்கார வேண்டியதான? சம்பந்தி கடைசிப் பந்தியில உக்காருவாருன்னு நான் கண்டனா?"

"எங்க ஆளுக சாப்பிடாம நான் எப்படி வே கை நனைக்க?"

கையை நீட்டி நீட்டிப் பேசினோம். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மா நம்மைப் பார்த்துவிட்டுப் பாதை மாறிப் போனாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், விளக்கை அணைத்ததும் இருவரும் கட்டையாகக் கிடந்து தூங்கினோம். "பாத்தீங்களா, வெயில் வேல செய்யுது" என்றாள் மகள். உம் முகத்தைப் பார்த்தேன். நீர் சுவரைப் பார்த்தீர்.

மறுநாளும் அதே பெஞ்சு, அதே சொதி. அடுத்த நாள் எனக்கே மனம் இளகிவிட்டது. "சரி, விடும். ரெண்டாவது பஸ் விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன். நீர் பதறிக் கையைக் காட்டித் தடுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "இரும்யா! இன்னைக்கே முடிச்சிட்டா நாளைக்கு என்னத்த வச்சு முழிச்சிருக்க? ஊருக்குத் திரும்பிப் போனாலும் இதே பாடுதான. கொஞ்சம் மிச்சம் வையும்."

அன்றைக்குத்தான் என்னை முதல் தடவையாக மச்சான் என்று கூப்பிட்டீர். நான் வழக்கம்போல் சம்பந்தி என்றேன். "வயசுல மூத்தவன், அத்தான்னு கூப்பிட்டா வாய் வலிக்கோ உமக்கு?" என்றீர். எனக்கு வீம்பு. "சொதி விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும், அன்னைக்குக் கூப்பிடுதேன்" என்றேன். "அப்ப இந்த ஜென்மத்துல கெடையாது" என்று நீர் சிரித்தீர். நானும் சிரித்தேன்.

பேர் வைத்த அன்று தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீர். மகள் உம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்க வேண்டியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். அந்த வீட்டில் ஏது தூசி? நான்தான் அப்படிச் சொல்லிச் சமாளித்தேன், உமக்குத் தெரியும்.

ஊருக்கு வந்த பிறகு மத்தியானம் ஆனால் கடையிலிருந்து உம் போன் வரும். "மச்சான், தூங்குதீரா?"

"இல்லயே."

"பொய் சொல்லாதீரும், கொட்டாவி கேக்கு. என் இலையில சாம்பார ஊத்துனவன் யாரு வே? அவன் பேரச் சொல்லும் முதல்ல."

ஜெட்லாக் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அந்தப் போன் மட்டும் நிற்கவில்லை. நானும் அவன் பேரைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவன் என் பட்டறையில் வேலை பார்க்கிறவன்தான். சொல்லியிருந்தால் போன் நின்றுபோயிருக்கும்.

அடுத்த தடவையும் சேர்ந்தே போவதாக இருந்தோம். நீர் இல்லாமல் போக வேண்டியதாகிவிட்டது. பிளேனில் பக்கத்து சீட்டில் ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போர்வையைத் தொட்டுப் பார்த்தேன், நீர் சொன்னது சரிதான். மகள் அதே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். தூங்காமல் இருக்க என்னென்னவோ செய்தேன். தனியாக உட்கார்ந்து எதிராளி பேச்சையும் நானே பேசிப் பார்த்தேன். நீர் பேசுகிற அளவுக்கு எனக்கு வேகம் வரவில்லை. சாய்ந்துவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். அன்றைக்குப் பாதை மாறிப் போனாளே, அதே அம்மா, அதே நாய். செத்துக்கிடக்கிறேன் என்று பயந்திருக்கிறாள், பாவம். "ஓகே, ஓகே" என்றேன். அவள் பெஞ்சில் உம் இடத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உம்மைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கையை மேலே காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். தூரத்தில் ஒரு பிளேன் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் போய்விட்டீர் என்று நினைத்துக்கொண்டாள் போல. சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள். நான் திருத்தவில்லை.

முடியாத ஒரு சண்டை என்னிடம் மிச்சம் இருக்கிறது, சம்பந்தி. மகளிடம் சொன்னேன். "நான் போடுதேன்ப்பா உங்க கூட" என்று வந்து உட்கார்ந்தாள். இரண்டு வார்த்தையிலேயே "சரிப்பா, நீங்க சொல்லுததுதான் சரி" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். அது சண்டையா?

உம்மைக் கடைசியாகப் பார்த்த அன்று டவுண் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் கிடைத்த பிளேனைப் பிடித்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். உம் மகன் ஈர வேட்டியோடு தலைமாட்டில் நின்றான். அழுத கண், தூங்காத கண். நின்றபடியே ஆடினான். நான் பக்கத்தில் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் முட்டியால் அவன் தொடையில் ஒரு இடி இடித்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது.

மத்தியான நேரம். சன்னல் வழியாக வெயில் நேரே உம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ சன்னலைச் சாத்தப் போனார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். குனிந்து உம் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனேன். சுற்றிலும் ஆள் நின்றது. சொல்லாமலே நிமிர்ந்துவிட்டேன். சொல்ல வந்தது இதுதான்.

அத்தான், பகல்ல தூங்கப்படாது.