சலவை செய்த பஞ்சு

ஜூன் 3

என்னங்க,

இங்கே நானும் லாண்டரியும் நலம். மீன் தொட்டிதான் நலமில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் 'ம்' கொட்டுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிறது. பாதியை மாற்றினேன், மறுநாளே பழைய கதை. முழுவதையும் மாற்றினேன், இன்னும் மோசம். தொட்டிக்குள் நம் மேனேஜர் அடிக்கடி மேலே வந்து வாயைப் பிளக்கிறார்.

கல்யாணமான புதிதில், அந்த மாடி அறையில், கட்டில்கூட வாங்காமல் இந்த மீனை வாங்கி வந்தீர்களே! "நமக்கே படுக்க இடமில்ல, இதுக்குக் கண்ணாடி பங்களாவா?" என்று கத்தினேன். "தொப்பையப் பாரு, எங்க மேனேஜர் மாதிரியே இருக்கான். விட்டுட்டு வர மனசில்ல" என்றீர்கள். நேற்று அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அப்புறம் அழுதேன், அதை விடுங்கள். அவரும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உடனே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
லாண்டரிக்காரி


ஜூன் 7

அன்புள்ள லாண்டரிக்காரிக்கு,

பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். காகிதத்தில் க்ரீஸ் பட்டிருக்கும், திட்டாதே.

முதலில் தண்ணீரை முழுதாக மாற்றுவதை நிறுத்து. தினமும் கொஞ்சம் மட்டும் மாற்று, அதுவும் முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீராக. தீனியைக் குறை. காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம், ஃபில்டர் பஞ்சை என்ன செய்தாய்? உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். மறைக்காமல் சொல்.

எனக்கும் அந்த மாடி அறை ஞாபகம் வராமல் இல்லை. கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவோம். "பெத்த புள்ளைக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்பாய். ஆனால் உன் முறை முடிந்தாலும் டம்ளரை மட்டும் என்னிடம் கொடுக்க மாட்டாய்.

அன்புடன்,
மெக்கானிக்


ஜூன் 10

என்னங்க,

ஆமாம், வெளுத்தேன். நீங்கள் போன பிறகு வீட்டையே கழுவித் தள்ளினேன். உங்கள் சட்டை தொங்கிய ஆணியைக்கூட விடவில்லை. கடைசியாகத் தொட்டி. அந்தப் பஞ்சு உங்கள் பட்டறை பனியன் நிறத்தில் இருந்தது. கடைக்கு எடுத்துப்போய் வெந்நீர், சோப்புத் தூள், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டு வெளுத்து, கை வலிக்க அலசினேன். தொட்டிக் கற்களையும்தான். "கல்லுக்கு இஸ்திரி உண்டாம்மா?" என்று ஒரு கஸ்டமர் கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

அழுக்கை எடுத்தால் தண்ணீர் தெளியத்தானே வேண்டும்? இது என்ன அநியாயம்!

இன்னொன்று. பஞ்சு பாதிதான் இருந்தது. எலி கடித்திருக்குமோ?

இப்படிக்கு,
லாண்டரிக்காரி


ஜூன் 13

அன்புள்ள லாண்டரிக்காரிக்கு,

அடிப்பாவி! அந்த அழுக்கில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீனின் கழிவைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பஞ்சிலும் கல்லிலும் குடியிருந்தன. அத்தனையையும் குடும்பத்தோடு வெளுத்துவிட்டாய். இப்போது வேறு கிருமிகள் தாறுமாறாகப் பெருகியிருக்கின்றன, அந்த வெள்ளை அதுதான். நான் எப்போதும் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வைப்பேன். நீ சோம்பேறி என்பாய்.

எலியெல்லாம் இல்லை. கிளம்பின அன்று நான்தான் பாதியை வெட்டி, ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே அறையில் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். குட்டி மீன்கள். வேலை முடிந்து வந்தால் யாரிடமாவது பேச வேண்டாமா?

இந்தப் பஞ்சை உன் ஃபில்டரில் வைத்தால் மேனேஜர் பிழைத்துக்கொள்வார். தபாலில் போட்டால் காய்ந்து வீணாகிவிடும். ஈரம் போகாமல் கையில் கொண்டுவர வேண்டும். ஆனால் நான் கிளம்பி வந்த அன்றைக்கு, கடையில் வெளுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை க்ரீஸ் கையால் தொட்டுவிட்டதற்கு, அத்தனை கஸ்டமர்கள் முன்னால், "இந்தக் கை பட்டது எதுவும் உருப்படாது" என்று சொன்னாய். எனக்கு இன்னும் வலிக்கிறது. அதே கையோடு நான் வரலாமா? நீ வேண்டாம் என்றால் தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மெக்கானிக்


ஜூன் 16

என்னங்க,

டிரைவரிடம் கொடுத்து அனுப்பினால் அந்த டிரைவரையும் சேர்த்து வெளுத்துவிடுவேன். நீங்களே வாருங்கள். வந்ததும் கை கழுவச் சொல்ல மாட்டேன். நேராகத் தொட்டிக்குப் போங்கள். மேனேஜர் இன்னும் தாக்குப்பிடிக்கிறார்.

நீங்கள் போனதிலிருந்து வீடு அப்படியொரு சுத்தம். எனக்குப் பிடிக்கவே இல்லை.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. பஞ்சை இங்கே கொண்டுவந்துவிட்டால் உங்கள் குட்டிகளின் தண்ணீர் கலங்காதா? அவை என்ன பாவம் செய்தன? அதனால் தொட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கிவிட்டேன்.

திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வேண்டாம்.

உங்கள்
லாண்டரிக்காரி