ஒத்திலியாவுக்கு ஒரு வாக்குமூலம்

தென் டெக்சஸ்,
அக்டோபர் 14

அன்புள்ள ஒத்திலியாவுக்கு,

மத்தெவாலாவின் குளிர் உங்கள் மூட்டுகளை அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். மாமியாரும் நயேலியும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அம்மா போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இப்போது கோலூன்றி நடக்கிறாள். என் தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கடிதம், ஆறே வரி. இந்த நவம்பரில் இறந்தவர்கள் நாளுக்கு எஃப்ரேனின் படத்தையும் பீடத்தில் வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடமும் நீங்கள் அதை ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படத்தை வைத்துவிட்டால் அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்கும் முன் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்: "அன்னிக்கு நீங்க ஏன் வாயத் தொறக்கல, வக்கீலம்மா?"

நயேலியின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு நீங்கள் என்னை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டீர்கள். உங்கள் மகளுக்கு ஞானத்தாயான நான் உங்களுக்கு உறவு அல்லவா. இப்போது மறுபடியும் வக்கீலம்மா ஆகிவிட்டேன். சரிதான்.

பதினெட்டு வருடமாக மற்றவர்களைக் கேள்விக்குத் தயார்செய்கிறவள் நான். காவல்துறைமேல் நீங்கள் போட்ட வழக்குக்காக உங்களுக்கும் மூன்று மாலைகள் சொல்லிக்கொடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் உடனே பதில் சொல்லாதீர்கள், ஒரு மூச்சு விடுங்கள், கூடாத கேள்வி என்றால் அந்த மூச்சுக்குள் நான் குறுக்கிடுவேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "எங்க ஊர்ல கேட்டதும் பதில் சொல்லாதவள திருடின்னுல்ல நெனப்பாங்க!" கதவோரம் நின்ற எஃப்ரேன் விடவில்லை. "கட்டிக்கிட்ட பதினோரு வருஷமா நானும் பாக்குறேன், இவ மூச்சு விடுற நேரத்துல நாலு வார்த்த பேசிருவா. இந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க, வக்கீலம்மா!" என்றார். நீங்கள் துண்டை எடுத்து அவர்மேல் வீசினீர்கள்.

விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்ட அந்த வாக்குமூல நாளில் நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஞாயிற்றுச் சந்தையிலிருந்து திரும்பிய உங்கள் வண்டியைக் காவலர்கள் நிறுத்தியது, பக்கத்தில் இருந்த எஃப்ரேனின் முகத்தைப் பார்த்தே இரண்டு மணி நேரம் குடியுரிமைக் காகிதம் கேட்டது, அவர் பெயர்கூடச் சொல்லாததால் கடைசியில் விட்டது, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னீர்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. பக்கத்தில் இருந்தவர் யார், எங்கே வேலை செய்கிறார்?

நீங்கள் மூச்சு விட்டீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

எழுத்துப் பதிவில் கேள்வியும் அதன் கீழே பதிலும் மட்டும்தான் இருக்கின்றன. வீடியோவில் நான்கு நொடி இருக்கிறது. அந்த நான்கு நொடியும் நீங்கள் என்னையே பார்க்கிறீர்கள். என் முகம் அதில் இல்லை. மேசையின் ஓரத்தில் என் வலது கை மட்டும் தெரிகிறது. அது அசையவில்லை. பிறகு நீங்கள் அவர் பெயரையும் வெங்காயக் கிடங்கின் பெயரையும் சொல்கிறீர்கள்.

நான் கவனிக்கத் தவறவில்லை, ஒத்திலியா. கேள்வி காதில் விழுந்தபோதே அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கிரீன் கார்டு இருந்தது, அவரிடம் எதுவும் இல்லை. வாக்குமூலத்தை அங்கேயே நிறுத்தி, இந்தக் கேள்வி கூடாது என்று நீதிபதியிடம் உத்தரவு வாங்கியிருக்கலாம். விசாரணை நான்கைந்து மாதம் தள்ளிப்போயிருக்கும். நீதிபதி அக்டோபரில் ஓய்வுபெறவிருந்தார். அடுத்து வருகிறவரிடம் நாம் தோற்போம் என்று நம்பினேன். இந்த மாவட்டத்தில் பயந்து பயந்து வண்டி ஓட்டுகிற நம் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு பக்கம் வைத்தேன், எஃப்ரேனை ஒரு பக்கம் வைத்தேன். வைக்கலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. ஜெயித்தால் என் பெயர் நிற்கும் என்ற நினைப்பும் அந்த நான்கு நொடியில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த மாதம் ஞானத்தாயாக நிற்கக் கேட்டீர்கள். "எங்களுக்காக நின்னவங்க நீங்கதான்" என்றீர்கள். நான் சம்மதித்தேன். மே மாதம் கிடங்கில் அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். செப்டம்பரில் நாம் ஜெயித்தோம். அதற்குள் நீங்கள் குழந்தையோடு அவர் பின்னால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மறு வருடம் ஜூலையில் இந்தப் பக்கம் திரும்பி வரப் புதர்க்காட்டுக்குள் நுழைந்தவர் எங்குமே வந்துசேரவில்லை.

வாக்குமூலத்தை வைத்துத்தான் கிடங்குக்கு வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீதிமன்றத்தில் அப்படித்தான் வாதிடுவேன். உங்களிடம் வாதிடப் போவதில்லை.

சட்டக் கல்லூரிகளில் உங்கள் பெயரிட்ட தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். சந்தைச் சாலையில் இப்போது வண்டிகளை நிறுத்துவதில்லை. இரண்டும் உண்மை. இன்று நான் எந்த வழக்கிலும் அந்த உத்தரவை வாங்காமல் ஒருவரையும் கேள்விக்கு உட்காரவிடுவதில்லை. இளம் வக்கீல்கள் அதை என் முன்யோசனை என்று மெச்சுகிறார்கள். ஆனால் எந்தச் சாட்சி மூச்சு விட்டாலும், அறையின் கடைசி நாற்காலியில் எஃப்ரேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபமாக அல்ல. அவரும் என் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல. நான் திரும்புவதில்லை.

நயேலிக்கு விவரம் தெரியும் வயது வரும்போது இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். ஞானத்தாய் என்ற உறவை நானாக விட முடியாது. நீங்கள் விடச் சொன்னால் தடுக்கவும் மாட்டேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். தாகத்தோடு வருகிற ஆத்மாவுக்குப் பீடத்தில் தண்ணீர் வைப்பீர்கள் அல்லவா? ஜூலை மாதத்துக் காடு அது. ஒரு குவளை போதாது. இரண்டாவதாக ஒன்றை என் பெயரால் வையுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், என் பெயரைச் சொல்லாமலாவது வையுங்கள்.

குவாதலூப்பே மாதா உங்களையும் குழந்தையையும் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இமெல்தா கிரோகா