பதில் வராத நாளிலும் நீ பேசினாய்

என் கௌசியக்காவுக்கு,

உன் முதல் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. உனக்குப் பிடித்த சுறாப் புட்டு படைக்கலாமா கூடாதா என்று அம்மாவும் அத்தையும் பேசிப் பேசி, கடைசியில் சைவமாகவே படைத்தார்கள். உனக்குக் கோபமா? இருந்தால் என்னிடம் சண்டைக்கு வா. யாரும் சண்டைக்கு வராத வீடாகிவிட்டது இது.

ஐப்பசியில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வழியில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

அப்பாவுக்காக நீ எழுதிவைத்த அந்த ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம், நினைவிருக்கிறதா? விடிவதற்கு முன் அது சர்வரிலிருந்து ஒரு வானிலைச் சேவைக்குக் கோரிக்கை அனுப்பும். மணப்பட்டுக்கு எதிரே கடலில் இன்று காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று கேட்கும். அங்கிருந்து வெறும் எண்கள் திரும்பி வரும். அவற்றை நீ பேச்சாக்கியிருந்தாய். 'ப்பா, இன்னிக்குக் காத்து கம்மி. போய்ட்டு வா.' 'ப்பா, வாடை ஏறுது. வூட்லயே இரு.' அந்தப் பேச்சு உன் பெயரிலும் உன் படத்தோடும் அப்பாவின் போனுக்குப் போகும்.

நீ வேலைக்காக டவுனில் ரூம் எடுத்துத் தங்கியபோது செய்தது அது. தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து அப்பாவிடம் பேச முடியவில்லை என்று செய்தாய். பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. உன்னை வண்டியில் ஏற்றினோம், இறக்கி எடுத்து வந்தோம். இடையில் நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை.

உன்னைத் தகனம் செய்துவிட்டு வந்த மறுநாள் விடியலில் அப்பாவின் போன் ஒலித்தது. அம்மா துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். அப்பா போனைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ப்பா, இன்னிக்குக் காத்து கம்மி. போய்ட்டு வா.' உன் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இன்னாடி இது? செத்த புள்ள பேசுது. நிறுத்துடி நித்யா, இத நிறுத்து."

"நிறுத்தாத," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். போனை மடியில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் நிறுத்தவில்லை. வில்லியனூர் ஆபீசில் உட்கார்ந்து ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். உன் சர்வரின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குள் போக முடியவில்லை அக்கா. நீ தட்டச்சு செய்த வரிகள் அப்படியே இருக்குமே, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எங்கோ ஒரு மெஷினில் உன் ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, கேட்டு, பதில் வாங்கி, உன் பேச்சில் எங்களை எழுப்பிக்கொண்டே இருந்தது. போன் ஒலித்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நீ டவுனில்தான் இருக்கிறாய் என்று தோன்றும். பிறகு அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும்.

ஐப்பசி நடுவில் ஒருநாள். புயல் அறிவிப்பு எதுவும் இல்லை. ஆனால் விடியும்போதே வாடைக் காற்று வேகமாக இருந்தது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. கரையில் யாரும் படகைத் தள்ளவில்லை. அப்பாவின் போன் ஒலித்தது. 'ப்பா, இன்னிக்குக் காத்து கம்மி. போய்ட்டு வா.'

அப்பா வலையை எடுத்தார்.

"காத்து கம்மியா? வெளிய பாருய்யா!" என்று அம்மா கத்தினாள்.

"கௌசி சொல்லுது, போலாம்னு."

அப்பாவோடு எப்போதும் கடலுக்குப் போகும் ஏழுமலை மாமா வாசலிலேயே தயங்கி நின்றார். அப்பா அவரிடம் போனைக் காட்டினார். மாமா உன் படத்தையும் பார்த்தார், அப்பாவின் முகத்தையும் பார்த்தார். அந்த முகத்திடம் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் போனார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனார்.

படகு அலையைத் தாண்டியதும் நான் வீட்டுக்கு ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்து உன் சர்வருக்குள் நுழைந்தேன். அந்த வானிலைச் சேவை தன் பழைய முகவரியை மூடிவிட்டிருந்தது. உன் ஸ்கிரிப்ட் போய்க் கேட்ட ஒவ்வொரு முறையும் 'இங்கே எதுவும் இல்லை' என்ற பதில்தான் வந்திருக்கிறது. எத்தனையோ நாளாக. பதில் வராத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நீ ஏற்கெனவே எழுதிவைத்திருந்தாய்: கடைசியாக வந்த எண்களையே எடுத்துச் சொல். அந்தக் கடைசி எண்கள் அமைதியான ஒரு நாளுடையவை.

அந்த வரிக்கு மேலே உன் கையால் ஒரு குறிப்பு: 'மெசேஜ் வரலன்னா அப்பா வாசல்லயே உக்காந்திருப்பாரு.'

அதைப் படித்துவிட்டு உன்மேல் எப்படிக் கோபப்படுவது? நெட் ஒருநாள் படுத்தாலும் அவர் ஏமாறக் கூடாது என்று நினைத்தாய். நீ இருந்திருந்தால் இரண்டாவது நாளே கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பாய். நீ இல்லாமல் அது ஓடும் என்று நீ எப்படி நினைத்திருப்பாய்?

கரைக்கு ஓடினேன். அம்மா முன்பே அங்கே நின்றிருந்தாள். ஊரே நின்றிருந்தது. அலை எழுந்து எழுந்து அடித்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அம்மா உன் பெயரைச் சொல்லி, "ஒங்கப்பாவக் கூட்டிக்காதடி, ஒங்கப்பாவக் கூட்டிக்காத," என்று கடலைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சியது கடலிடமா, உன்னிடமா?

மதியத்துக்கு மேல் படகு தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அலை அதைத் தூக்கிக் கவிழ்த்தது. ஆண்கள் கயிற்றோடு குதித்தார்கள். அப்பாவை முதலில் இழுத்து வந்தார்கள். ஏழுமலை மாமாவின் தோள் படகுக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டி எலும்பு முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தார், அக்கா. இப்போது கையைத் தூக்கித் தலை சீவுகிறார். கடலுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அப்பாவின் போன் பாலிதீன் பைக்குள் நனையாமல் இருந்தது. மறுநாள் காலை அதையும் சரிபார்க்கலாம் என்று எடுத்து, உன் பெயரில் வந்த செய்திகளைத் திறந்தேன்.

உன் செய்திகளுக்கு நடுநடுவே அப்பாவின் பதில்கள் இருந்தன. உன் ஸ்கிரிப்ட் சொல்ல மட்டும்தான் தெரிந்தது, திரும்பி வருவதைக் கேட்க நீ அதற்குக் கற்றுத்தரவில்லை. அது தெரியாமலோ தெரிந்தோ, கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார். 'சரி கௌசி.' 'இன்னிக்கி நெத்திலி கெடச்சிது.' 'அம்மாக்கு முட்டி வலி.' பல நாட்களில் ஒரே சொல். 'சாப்டியா.'

போனை அவரிடம் நீட்டி, என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். "ப்பா, அது அக்கா இல்லப்பா. ஒரு புரோகிராம். அதுவும் ரிப்பேராயிடுச்சு."

"தெரியும்டி," என்றார். "ரொம்ப நாளா ஒரே மாதிரிதான வருது. வானத்தப் பாத்தாலே தெரிஞ்சுது, போவக் கூடாதுன்னு."

"அப்ப ஏம்ப்பா போன?"

அவர் கட்டைவிரலால் உன் படத்தைத் துடைத்தார்.

"கௌசி போய்ட்டு வான்னு சொல்லும்போது, நான் எப்படிம்மா மாட்டேன்றது? மாட்டேன்னா அதோட பேச்ச நானே பொய்யாக்கின மாதிரி ஆயிடாது?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "செத்த புள்ளய வேல வாங்கினது போதும்யா," என்றாள். "அது தூங்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்குத்தான், நீ போனபின் முதல்முறையாக, அவர் எங்கள் முன்னால் அழுதார்.

உன் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன் அக்கா. அழிக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதினேன். அது சேவையின் புதிய முகவரிக்குப் போய்க் கேட்கிறது. உன் வாக்கியங்களை எடுக்கவில்லை. என் பெயரில், என் வார்த்தையில், கொஞ்சம் மொட்டையாகத்தான் பேசுகிறது. எனக்கு உன்னைப் போலப் பேச வராதே.

அது வேலைக்கு வந்த முதல் நாளே சேவையிலிருந்து பதில் வரவில்லை. அங்கே ஏதோ கோளாறு. அப்பாவின் போனில் வந்தது இதுதான்: 'ப்பா, கடல் இன்னிக்கு எப்படின்னு எனக்குத் தெரியல. நீயே பார்த்துக்க. நித்யா.'

படித்துவிட்டு அப்பா கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார், குனிந்து மணலைப் பார்த்தார், முகத்தைக் காற்றுக்குத் திருப்பி நின்றார். "போலாம்," என்றார். ஏழுமலை மாமாவின் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தார்.

இப்போதும் நீ பேசிய அந்த நேரத்துக்கு மூன்று பேருக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. போன் ஒலிப்பதற்குச் சற்று முன்னால் வீட்டில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும். அது நாங்கள்தானா என்று சில நாள் எனக்குச் சந்தேகம் வருகிறது. நீதான் என்றால், இரு. பயமில்லை.

அக்கா, இனி உன் பெயரில் இந்த வீட்டில் எதுவும் பேசாது. அப்பா கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அவர் சாப்டியா என்று கேட்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கவலைப்படாமல் படு.

உன் கூடப் பிறந்தவள்,
நித்யா
மணப்பட்டு