பீடத்துணியில் ஒட்டிய அம்பு

அருள்புரம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரோஸ்மேரி அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றைத் தவிர. அதுவும் ஆறி வருகிறது, பயப்படாதே. வடக்கே அந்தச் சிம்டேகாவில் குளிர் குறைந்ததா, காலையில் வரும் இளைப்பு எப்படி இருக்கிறது, அதை முதலில் கேள் என்று அம்மா சொல்கிறாள். இந்தக் கடிதம் அம்மாவுடையதுதான். விரலில் கட்டு இருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் என் பேச்சும் வரும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. உங்கள் கன்னியர் மடத்து நவதுறவு இல்லத்தில் போன் கூடாது என்பதால்தான் எனக்கு இந்த வேலை வந்தது. ஒருவிதத்தில் நல்லது, போனில் என்றால் நான் ம், ம் என்று சொல்லியே வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் புதுக் கோயில் நேர்ந்தளிப்பு முடிந்தது. ஆயர் வந்தார், பேண்டு வந்தது, வெளியே பந்தலில் சாப்பாடு நடந்தது. எல்லாவற்றையும் விட என் கண்ணில் பெரிதாகப் பட்டது ஒரு சின்னச் சிவப்பு அம்பு. பீடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயில் விளக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டார்கள். அப்போது பார்த்தால், துணியின் முன்பக்க ஓரத்தில், அத்தனை ஜனமும் பார்க்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கிறது. அதை ஒட்டியது நான்தான் அக்கா. கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன் அல்லவா, பனியனில் எங்கே தையல் விட்டுப்போயிருக்கிறதோ அங்கே அம்பு ஒட்டி டைலருக்குத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் நான் அம்பு ஒட்டப் பயந்து எல்லாப் பீஸையும் விட்டுவிடுவேன், சூப்பர்வைசர் சண்முகப்பிரியா அக்கா பக்கத்தில் வந்து, ஏன் கண்ணு பயப்படறே, அம்பு ஒட்டுனா அவிங்களத் திட்டுறதுன்னு அர்த்தமில்ல, இங்க கொஞ்சம் பாருங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான் என்று சொன்னார். பீடத்துணியைத் தைத்தது அம்மா. தைத்து முடித்து என்னிடம் காட்டியபோது கம்பெனிப் பீஸைப் போலவே மேசையில் விரித்துப் பார்த்து, மடிப்பில் நாலு விரல் அகலத்துக்குத் தையல் ஏறாத இடத்தில் அம்பை ஒட்டிக் கொடுத்தேன். அம்மா சரிசெய்துவிட்டு அம்பை உரித்துப் போடுவாள் என்று நினைத்தேன். அது ஏன் உரிக்காமலே பீடம் வரைக்கும் போனது என்பதைச் சொல்லத்தான் அம்மா இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நாச்சிமுத்து ஐயாவின் செட்டில் கடைசிப் பூசை நடந்தது. நீ மடத்துக்குப் போகிறவரை பூசை கண்ட அதே தகரச் செட்தான், சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய நூல் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாம் பாய் விரிப்போமே. ஒன்பது வருஷம் அவர் நம்மிடம் முகம் சுளித்ததில்லை. அன்றைக்குப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் நேர்ந்தளிப்பு என்றால் என்ன என்று விளக்கினார். இந்தச் செட் நமக்கு இரவல் இடம், வெள்ளிக்கிழமை நூலுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு. புதுக் கோயில் அப்படி இல்லை, ஆயர் எண்ணெய் பூசி நேர்ந்தளித்துவிட்டால் அது ஆண்டவருக்கு மட்டும்தான், வேறு எதற்கும் எடுக்க முடியாது என்றார். பின்னால் இருந்து அப்பா, பிள்ளைக கல்யாணத்துக்குப் பந்தி போடலாமா சாமி என்று கேட்டார். உள்ளே இல்லை, மரத்தடியில் போடு, எனக்கும் ஒரு இலை போடு என்றார் சாமியார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா எழுந்து நின்று, நேர்ந்தத திருப்பி எடுக்கவே முடியாதா சாமி என்று கேட்டாள். அவர் கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, முடியாதும்மா, அதுக்குப் பேர்தானே நேர்றது என்று சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். அம்மா உட்கார்ந்தவள், வீட்டுக்கு வந்ததும் நேரே ஜெபப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கிறிஸ்மஸுக்கு நீ எழுதிய கடிதத்தை அம்மா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். மே மாதம் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன், அம்மாவின் நேர்ச்சை நிறைவேறப்போகிறது என்று அதில் எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் தெரியுமா. உனக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர் கைவிட்டபோது, பிள்ளை பிழைத்தால் மாதாவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டது ஊருக்கே தெரியும். நம் சொந்த ஊர் விளாத்திகுளத்தில் சித்தப்பா பிள்ளைகள் உன்னை நேர்ந்துவிட்ட ஆடு, ஓடாத ஆடு என்று கேலி செய்வார்கள், நீயும் தலையை முட்டுவது போல் காட்டிச் சிரிப்பாய். நான் சின்னவள், அதை வெறும் பட்டப்பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவும் அதைக் கேட்டுப் பெருமைதான் பட்டிருக்கிறாள். இப்போது உன் கடிதத்தில், அம்மாவின் நேர்ச்சை என்று இருக்கிறது, எனக்கு ஆசை என்று ஒரு வரி இல்லை, எங்கே தேடியும் இல்லை என்கிறாள். நீ அதை நினைத்து எழுதவில்லையோ, எழுதத் தோன்றவில்லையோ, அது எனக்குத் தெரியாது. அம்மா தேடியது அந்த ஒரு வரியைத்தான்.

அந்தப் பிரசங்கத்துக்கு மறுநாள் ஷிப்டு முடிந்து, மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, நான் அம்பு ஒட்டிய இடத்தைத் தைக்க அம்மா கம்பெனி மெஷினில் உட்கார்ந்தாள். இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்த கை. திருப்பி எடுக்க முடியாது, திருப்பி எடுக்க முடியாது என்று அதையே நினைத்துக்கொண்டு மிதித்திருக்கிறாள், ஊசி நகத்தோடு விரலுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை துணியில் ரத்தம் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் பக்கத்து மெஷின் அக்கா துணியை மடித்துப் பையில் போட்டு சாமியார் கையில் கொடுத்துவிட்டார். அம்பு உள்மடிப்புக்குள் போய்விட்டது, யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பீடத்துக்கான கல்லைத் திருமுருகன்பூண்டியில் சிலை செய்கிறவர்களிடம்தான் வாங்கினார்கள். அப்பாவும் வண்டியில் போயிருந்தார். எந்தச் சாமிங்க செதுக்கோணும் என்று சிற்பி கேட்டாராம். சாமி எதுவும் வேண்டாம், மேலே அஞ்சு சிலுவை மட்டும் கீறினால் போதும் என்று அப்பா சொன்னதும், வெறுங்கல்லுக்காங்க இவ்வளவு தூரம் வந்தீங்க என்று அவருக்கு ஒரே வருத்தம், ஆனாலும் முகம் தெரிகிற மாதிரி இழைத்துக் கொடுத்தார். அந்தக் கல் துணியில்லாமல், பூவில்லாமல் நடுவில் கிடந்தது. ஆயர் கம்பெனியில் கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, கிறிஸ்மா என்கிற பரிசுத்த எண்ணெயை நடுவிலும் நாலு மூலையிலும் ஊற்றி உள்ளங்கையால் கல் முழுக்கத் தேய்த்தார். சுவரிலும் பன்னிரண்டு இடத்தில் எண்ணெயால் சிலுவை போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து ஐயா அப்பா பக்கம் குனிந்து, ஏனுங்க, எங்க கோயில்லயும் கல்லுக்கு எண்ணெய்க் காப்பு உண்டுங்க, ஆனா உங்க பெரிய சாமி நல்லா மெனக்கெட்டுத் தேய்க்கறாருங்க என்றாராம். பிறகு பீடத்தின் மேலேயே தூபம் போட்டார்கள், புகை கூரை வரை போனது. உங்கள் சிம்டேகாவில் இருந்து வந்து எங்கள் பேக்கிங்கில் வேலை செய்கிற பிள்ளைகள் அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள், எனக்கு அர்த்தம் தெரியவில்லை, உன்னை நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எண்ணெயைத் துடைக்க நாலு பெண்கள் போனார்கள், அதில் அம்மாவும் ஒருத்தி. கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடதுகையால் துடைத்தாள். மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டார்கள், அம்மா மட்டும் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் துணியை விரித்ததும் நான் அம்பைப் பார்த்ததும்.

பூசை முடியும்வரை எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. எழுந்து போய் உரிக்க எனக்குத் தைரியம் இல்லை, அத்தனை பேர் முன்னால் என்னால் நடக்கவே முடியாது. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு உள்ளே போய் முழங்கால் போட்டு அம்பை உரித்து என் புறங்கையில் ஒட்டிக்கொண்டேன். தையல் விட்ட இடம் அப்படியே வாய் பிளந்திருந்தது. திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறாள். ஆண்டவருக்கே அம்பு ஒட்டிட்டியாட்டி என்று சிரித்தாள், பத்துப் பதினைந்து நாளில் அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அந்தக் கல்லத் தொடைக்கும்போது பாத்தேன்ட்டி, எவ்வளவு எண்ணெய் ஊத்துனாலும் அது வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல, என் பிள்ளையையும் நான் அப்படித்தான வச்சேன், நாலு வயசுப் பிள்ளகிட்ட யாரு கேட்டா என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவளாகவே பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமியாரிடம் போய், வார்த்தைப்பாட்டு அன்னைக்குப் பிள்ளையக் கேப்பாகளா சாமி என்று கேட்டாள். அவர் இலையை விட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். முந்தின கேள்வி எதற்கு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போல. கேப்பாங்கம்மா, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும்னு எல்லார் முன்னாலயும் கேப்பாங்க, அவ வாயாலதான் சொல்லணும், பெத்தவங்க சொன்னது அங்க செல்லாது என்றார்.

இனி வருவது அம்மா சொன்னது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ரோஸ்மேரி, நான் நேர்ந்தது என் வாயால் நேர்ந்தது. என் பிள்ளை சாகக்கூடாது என்ற பயத்தில் என்னிடம் இருந்ததை எல்லாம் கொடுக்கிறேன் என்றேன், நீ என்னிடம் இருக்கிற பொருள் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் நேர்ச்சைக்கு நான் ஆண்டவரிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். என் கை ஓடுகிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் பீடத்துணியை நான் துவைத்துத் தேய்த்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன், அது என்னால் கொடுக்க முடிந்தது.

உன்னை அங்கே கேட்பார்கள், அப்போது எனக்காகப் பதில் சொல்லாதே, உனக்காகச் சொல்.

வேண்டும் என்று நீ மனதாரச் சொன்னால் அப்பாவும் நானும் தங்கச்சி ஜெனிட்டாவும் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து முன்வரிசையில் உட்காருவோம். வேண்டாம் என்றால் அதே ரயில் இந்தப் பக்கமும் வருகிறது, ஸ்டேஷனில் நான் நிற்பேன், ஏன் வந்தாய் என்று எவரும் உன்னைக் கேட்க விடமாட்டேன். இதை உங்கள் மடத்து மதர் முதலில் வாசிப்பார்களே என்று ஜெனிட்டா பயப்படுகிறாள். வாசிக்கட்டும், அவர்களையும் ஒருத்தி பெற்றுத்தானே அனுப்பியிருக்கிறாள். இவ்வளவுதான் அம்மா சொன்னது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அவர் ரயில் எத்தனை மணிக்கு ஊரை விட்டுக் கிளம்புகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் இரண்டு முழுக்கைப் பனியன் வருகிறது. செகண்ட்ஸ்தான், ஆனால் கழுத்துப் பக்கம் ஒரு சின்ன நூல் இழுவை தவிர வேறு குறை இல்லை, நானே பார்த்து எடுத்தேன். உள்ளே போட்டுக்கொள், வெளியே தெரியாது. காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, வெந்நீர் கேட்க வெட்கப்படாதே, வெட்கப்படுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும். மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும், நீ எந்தப் பதில் சொன்னாலும் அங்கேயே இருக்கட்டும். பதில் எழுதும்போது அம்மாவுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுது, மறந்துவிடாதே.

உன் அம்மா அமலோற்பவம்
(இடதுகையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருக்கிறது)

எழுதியது உன் தங்கை ஜெனிட்டா.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனதும், ஜெபப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்த அந்தச் சிவப்பு அம்பை எடுத்து, உனக்காகச் சொல் என்று நடுவில் தனியாக எழுதியிருக்கிற அந்த ஒரு வரியைக் காட்டுகிற மாதிரி ஒட்டினேன்.