புதுத் தாருக்கு அடியில் போன வெள்ளைக் கோடு

அன்புள்ள அக்கா,

காலையில் கதவைத் திறந்தேன். தார் வாசம் குப்பென்று அடித்தது. பீளமேட்டில் நம் வீதி முனையிலிருக்கும் பெரிய ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிற வெள்ளைக் கோட்டைக் காணோம். வேகத்தடையும் போயிற்று. லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது அக்கா, நான் யாரிடம் ஓடுவேன்?

நாலு வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ரோட்டோரம் நின்றவளைப் பார்த்து லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "போ கண்ணு" என்றார். பெரியவங்களுக்கு வழி விடணும் என்று நான் சொல்லி வளர்த்த பிள்ளையாயிற்றே! "இல்லீங்க, நீங்க போங்க" என்றாள். "அட, நீ போ கண்ணு." "நீங்க போங்க." கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த நீங்கள்தான் அவள் புத்தகப் பைக்கட்டைப் பிடித்து இழுத்தீர்கள்.

பாவி நான், அவளையே அடித்தேன். "பாத்துப் போறதுக்கென்னடி?" நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அவளைப் பாத்துப் போகச் சொல்றயே அம்மணி, ரோட்டுக்கு யாரு சொல்றது?"

மறுநாள் வீதிப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு ரோடு போடுகிறவர்களின் ஆபீசுக்குக் கிளம்பினீர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எனக்கும் பயந்தான். பயந்துட்டே போலாம், வா" என்றீர்கள். அங்கே இன்ஜினியர், பஸ் ஸ்டாப் பக்கத்தில் கோடு போடுவதாகச் சொன்னார். "கடக்கறது இவங்கதானுங்க. இவங்களைக் கேக்கோணுங்க, அது இவங்க உரிமை" என்றீர்கள். மகள் சொன்னாள்: "அங்க பெட்டிக்கடை மறைக்குதுங்க. லாரி வாரது எங்களுக்குத் தெரியறதில்லீங்க." அந்த மனிதர் நேரில் வந்து, அவள் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. கோட்டைத் தள்ளிப் போட்டார்கள்.

இன்றைக்குப் பிள்ளைகளோடு அதே ஆபீசுக்குப் போனேன். அதிகாரி புது ஆள். "குழந்தைகளை எதுக்கும்மா இழுத்துட்டு வந்தீங்க? பாத்துப் போகச் சொல்லுங்க" என்று வள்ளென்று விழுந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், 'சரிங்க' என்று திரும்பிவிடத்தான் இருந்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது. "நான் பேச வரலீங்க. இவங்கதான் பேச வந்திருக்காங்க."

மகள் முன்னால் வந்தாள். "கோடு எங்க போடறதுன்னு நாங்க காட்டறமுங்க. நீங்க வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்துக்கறமுங்க."

சாயங்காலத்துக்குள் சுண்ணாம்புக் கோடாவது போட ஆள் அனுப்புகிறேன் என்றார். பொழுது சாய்கிறது, இன்னும் யாரும் வரவில்லை. வராவிட்டால் திங்கட்கிழமை காலை நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நான் நிற்பேன். பயந்துட்டேதான் அக்கா.

நிற்பேன்.